சேசோன் பீரை ருசித்துக் குடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ஜியத்துக்கு வேலை விஷயமாக வந்து போகிற நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், அப்புறம் கடையில் நின்றபடியே பாட்டில் படத்தை அனுப்பி "இதை வாங்கலாமா" என்று கேட்கிறவர்கள், எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே போட்டுவிடுகிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. குடிக்காதவர்களை இழுத்து வருவதற்காக எழுதியதல்ல இது. குடிக்கிறவர்கள் கொஞ்சமாக, கவனித்துக் குடிக்கட்டும் என்றுதான்.

சேசோன்னா என்ன பீர்? பேரே இப்பத்தான் கேள்விப்படறேன்.

பெல்ஜியத்தின் தெற்குப் பாதி பிரெஞ்சு பேசும் வலோனியா. அங்கே எய்னோ மாகாணத்தில் பண்ணையோடு ஒட்டியிருந்த சின்னச் சின்ன ப்ரூவரிகளில், அதாவது பீர் ஆலைகளில், காய்ச்சிய பீர் இது. பிரெஞ்சில் சேசோன் என்றால் பருவம். ஏல் வகையைச் சேர்ந்தது, அதாவது குளிர்ச்சியில் இல்லாமல் கொஞ்சம் சூட்டில் நொதிக்க விடுகிற வகை. வெளிர் பொன் நிறம், நிறைய நுரை, நிறைய வாயு, தாராளமான கசப்பு, மிளகை நசுக்கினால் வருகிற மாதிரி ஒரு வாசனை, விழுங்கி முடித்ததும் இனிப்பே இல்லாமல் வாய் சுத்தமாகக் காய்ந்துவிடுவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் சேசோன். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 5 முதல் 8 சதவீத ஆல்கஹால்.

அந்தக் கடைசி அம்சத்தைத்தான், அதாவது விழுங்கியபின் இனிப்பு மிஞ்சாமல் இருப்பதைத்தான், இந்தப் பக்கம் முழுக்க வறட்சி என்று சொல்லப்போகிறேன். என்னைக் கேட்டால் சேசோனின் உயிர் அதுதான். வாசனை ஆயிரம் இருந்தாலும் நாக்கில் பிசுபிசுப்பு நின்றால் அதைச் சேசோன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

நாம வழக்கமா குடிக்கிற பீருக்கும் இதுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

வழக்கமாகக் குடிப்பது லாகர். அதைக் குளிர்ச்சியில், பத்து டிகிரி சுற்றுவட்டாரத்தில், மெதுவாக நொதிக்க விடுவார்கள். அந்த நிலையில் ஈஸ்ட் அடக்கமாக வேலை செய்யும், தன் வாசனையை அதிகம் விடாது. சேசோனில் நேர் எதிர். ஈஸ்டுக்குச் சூடு கொடுத்து ஓட விடுவார்கள். தூர்ப் என்ற கிராமத்தில் இருக்கிற டுபோன் ப்ரூவரியில் நொதித்தல் 30 டிகிரியைத் தாண்டிப் போகும். வேறு ஏல் ஈஸ்டை இந்தச் சூட்டில் விட்டால் பெயிண்ட் கரைப்பான் மாதிரி நாறும், சேசோன் ஈஸ்ட் தாங்குகிறது.

இன்னொன்று, லாகரைப் பெரும்பாலும் வடிகட்டி, தெளிய வைத்து, வாயுவை வெளியிலிருந்து ஏற்றி அடைக்கிறார்கள். சேசோன் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, சில வாரம் வெதுவெதுப்பான அறையில் வைத்துவிடுவார்கள். டுபோனில் அந்தச் சமயம் பாட்டில்களைப் படுக்க வைத்திருப்பார்கள். வாயு அங்கேதான் உண்டாகிறது, அதனால்தான் குமிழி பொடிசாகவும் நுரை கெட்டியாகவும் இருக்கும்.

மிளகு, கிராம்பு ஏதாவது போடறாங்களா? வாசனை அப்படியே வருதே.

பெரும்பாலானவற்றில் எதுவும் போடுவதில்லை. சேசோன் டுபோனில் தண்ணீர், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தருகிற ஒரு கொடியின் பூ), ஈஸ்ட், பாட்டிலில் சேர்க்கிற சர்க்கரை, அவ்வளவுதான். வாசனை ஈஸ்டின் கைவேலை. மால்ட்டில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இந்த வகை ஈஸ்ட் அதை உடைத்து ஃபீனால்களாக மாற்றுகிறது, அதில் ஒன்று கிராம்பு வாசனை கொண்டது. பழ வாசனை எஸ்டர்களிலிருந்து வருகிறது, அதுவும் ஈஸ்ட் உண்டாக்குவதே.

ஆனால் நிஜமாகவே மசாலா போடுகிறவர்களும் உண்டு. தூர்ப்புக்குப் பக்கத்திலேயே பிபே என்ற கிராமத்தில் ப்ராசரி அ வபேர் இருக்கிறது. அங்கே காய்ச்சுகிற சேசோன் த பிபேயில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ எல்லாம் விழும். நம் மூக்குக்கு அது வித்தியாசமாகவே தெரியும்: ஈஸ்ட் தரும் மிளகு மேலே பறக்கும், போட்ட மிளகு தொண்டையில் உட்காரும்.

வயல்ல வேலை செஞ்சவங்களுக்குத் தண்ணிக்குப் பதிலா கொடுத்த பீர்னு எல்லாரும் சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை, பாதி விளம்பரம். குளிர்காலத்தில் காய்ச்சி வைத்துக் கோடையில் குடித்தார்கள் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் குளிர்சாதனம் வருவதற்கு முன்னால் வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம், குளிர்காலத்தில் பண்ணை ஆட்களுக்கும் வேலை குறைவு, வடித்த மால்ட் சக்கையை மாட்டுக்குப் போடலாம். அறுவடைக்கு வருகிற கூலியாட்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள் என்பதும் நடந்திருக்கக்கூடியதே.

ஆனால் சேசோன் முழுக்க முழுக்கப் பண்ணைச் சொத்து என்று சொல்வது சரியில்லை. 19ஆம் நூற்றாண்டில் லியேஜ் நகரத்திலும் சேசோன் என்ற பெயரில் பீர் காய்ச்சினார்கள், அதில் ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகையும் சேரும். அது நகரத்துக் குடி. அதோடு அன்றைய பண்ணை பீர் இன்றைய சேசோன் டுபோன் மாதிரி 6.5 சதவீதமாக இருந்திருக்க முடியாது. அதைக் குடித்துவிட்டு யார் அரிவாளைப் பிடிப்பது? இலேசான, கசப்பு கூடின, மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்ததால் கொஞ்சம் புளித்த பானமாகத்தான் இருந்திருக்கும்.

முதல் தடவை குடிக்கிறேன். எதை வாங்கறது?

சேசோன் டுபோன். யோசிக்கவே வேண்டாம். 6.5 சதவீதம், உலகத்தில் வேறு யார் சேசோன் காய்ச்சினாலும் மனதுக்குள் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். பண்ணையில் 1844 முதல் பீர் காய்ச்சுகிறார்கள், டுபோன் குடும்பத்துக்கு வந்தது 1920ல். கதை சுவாரசியமானது: மகன் லூயி கனடாவுக்குப் போய் விவசாயம் செய்யப்போகிறேன் என்று கிளம்ப, தடுப்பதற்காக அப்பா ஆல்ஃபிரட் டுபோன் இந்தப் பண்ணையையும் ப்ரூவரியையும் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். பிள்ளை கனடா போகிறேன் என்றால் அந்தக் காலத்து பெல்ஜிய அப்பாவுக்கும் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

அதைக் குடித்துப் பழகியபிறகு சின்ன ப்ரூவரிகளுக்கு வாருங்கள். பிரெஞ்சு எல்லை ஓரத்தில், 1988ல் ஒரு குடும்பம் தொடங்கிய ப்ளோஜி ப்ரூவரியின் சேசோன் தெபோத்ர் என் விருப்பம். 6 சதவீதம், ஸ்பெல்ட் கோதுமை சேர்த்தது, கொஞ்சம் கரடுமுரடான தானிய ருசி, வறட்சியில் டுபோனுக்குச் சளைத்ததல்ல. மேலே சொன்ன பிபே மூன்றாவதாக. அதே 1988ல் ஆர்டென் மலைப்பக்கம் சுவா என்ற ஊரில் தொடங்கிய ஃபாந்தோமை, லேபிளில் பேய் சிரிக்கும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

தொறந்த உடனே பொங்கி மேஜையெல்லாம் வழியுது. எப்படி ஊத்தறது?

வாயு அதிகம். சாதாரண லாகரில் பீரின் கன அளவைப்போல இரண்டரை மடங்கு கரியமில வாயு கரைந்திருந்தால் சேசோனில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். அதனால்தான் பெரிய பாட்டில்களுக்கு ஷாம்பெயின் மாதிரி கார்க்கும் கம்பியும். வண்டியில் குலுங்கி வந்த பாட்டிலை அன்றே திறக்காதீர்கள். ஒரு நாளாவது ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், குளிர்ந்த பீர் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கார்க் என்றால் கம்பியை அவிழ்த்ததும் கட்டைவிரலை மேலேயே வைத்திருந்து, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள், யார் முகத்துக்கும் நேராக வேண்டாம். அப்புறம் கிளாசைச் சாய்த்து மெல்ல ஊற்றி, பாதிக்குமேல் வந்ததும் நிமிர்த்துங்கள். இரண்டு மூன்று விரல் உயரம் நுரை வரட்டும், அதைப் பார்த்து யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வாசனையில் பாதி அந்த நுரையில்தான் இருக்கிறது. இப்படியெல்லாம் செய்தும் திறந்ததும் பீச்சியடித்தால் அது வேறு விவகாரம், கீழே கேன் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

அடியில மண்டி மாதிரி கிடக்கு. கெட்டுப்போச்சா?

இல்லை. பாட்டிலில் நொதித்த ஈஸ்ட் வேலை முடிந்து அடியில் படிந்திருக்கிறது. குடித்தாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்கு வயிறு கொஞ்சம் இரையும். முதல் கிளாசை மண்டி கலக்காமல் தெளிவாக ஊற்றிக் குடியுங்கள், கடைசியாக மிஞ்சுவதைச் சுழற்றிக் கலக்கி ஊற்றுங்கள். ஒரே பாட்டிலில் இரண்டு ருசி கிடைக்கும். கலங்கினது ரொட்டி மணத்தோடு வாய்க்குக் கனமாக இருக்கும், மிளகு கொஞ்சம் அமுங்கிவிடும். எனக்குத் தெளிந்ததுதான் பிடிக்கும்.

ஐஸ் மாதிரி ஜில்லுனு குடிச்சாத்தானே பீர்?

ஜில்லென்று குடித்தால் நாக்கும் மரத்துப்போகும், வாசனையும் மேலே எழும்பாது. லாகருக்கு அது பரவாயில்லை, அதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. சேசோனை 8 முதல் 12 டிகிரிக்குள் குடியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்து ஊற்றி, கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருந்தால் போதும். அதுவும் ஐரோப்பிய அறைக் கணக்கு, சென்னை மே மாதம் என்றால் பேச்சைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கிளாஸ் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன்: கீழே உருண்டு, மேலே கொஞ்சம் குறுகின ட்யூலிப் கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வீட்டில் இருக்கிற வைன் கிளாசே போதும். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் இல்லாமல் கழுவியிருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம், நுரையை அது கொன்றுவிடும்.

சரி, ருசி பார்க்கறதுன்னா என்னதான் பண்ணணும்? குடிச்சா போதாதா?

குடித்தால் போதும். ஆனால் முதல் நாலு வாய்க்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டால் பிறகு இஷ்டம்போல் குடிக்கலாம். ஊற்றியதும் உடனே முகருங்கள், ஏனென்றால் சில வாசனைகள் முதல் அரை நிமிடத்தில் பறந்துவிடும். அவித்த முட்டை மாதிரி இலேசாகக் கந்தக வாசனை வந்தால் பயப்படாமல் கிளாசைச் சுழற்றி மறுபடி முகருங்கள், போயிருக்கும். அதன்பிறகுதான் மிளகு, எலுமிச்சைத்தோல், பேரிக்காய், வைக்கோல், புல், இதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். புல்லும் பூவும் கலந்த அந்த மணம் ஹாப்ஸிலிருந்து வருவது. டுபோன் போன்றவர்கள் இங்கிலாந்தின் கென்ட் பக்கத்து ஹாப்ஸ், ஸ்லோவேனியாவின் ஸ்டிரியன் வகை என்று பழைய ரகங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள், மாம்பழ வாசனை அடிக்கிற புது அமெரிக்க ரகங்களை இங்கே தேடாதீர்கள்.

முதல் வாயைச் சின்னதாக எடுத்து விழுங்கிவிடுங்கள், அது நாக்கைக் கழுவ. இரண்டாவது வாயைக் கொஞ்சநேரம் வைத்திருந்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். குமிழி குத்துகிறதா அல்லது மெத்தென்று விரிகிறதா? இனிப்பு தொடங்கி உடனே காணாமல்போகிறதா? கசப்பு எங்கே வருகிறது? விழுங்கியபிறகு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள், வாயில் தெரியாத வாசனை அப்போது தெரியும். வைன் ருசிக்கிறவர்கள் துப்பிவிடுவார்கள், பீரில் துப்பக்கூடாது, கசப்பும் வறட்சியும் தொண்டையைத் தாண்டும்போதுதான் முழுசாகத் தெரியும். அப்புறம் ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். நல்ல சேசோன் என்றால் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கை தானாகக் கிளாசுக்குப் போகும்.

பேரிக்காய், வைக்கோல்னு என்னென்னமோ சொல்றீங்க. எனக்குப் பீர் வாசனைதான் வருது.

மூக்கில் குறையில்லை, பெயர் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். சமையலறையிலிருந்து நாலைந்து மிளகை நசுக்கி ஒரு கிண்ணத்தில், ஒரு கிராம்பு இன்னொன்றில், எலுமிச்சைத்தோலைச் சீவி ஒன்றில், பேரிக்காய்த் துண்டு ஒன்றில் வைத்துக்கொண்டு, பீரை முகர்ந்து கிண்ணத்தை முகர்ந்து மாற்றி மாற்றிப் பாருங்கள். சட்டென்று ஒன்று பொருந்தும். மற்றவர்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு முகராதீர்கள், படித்ததெல்லாம் வந்து நிற்கும்.

கொத்தமல்லி விதை, நன்னாரி, வெட்டிவேர் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையே எழுதுங்கள். தமிழர் மூக்கு வளர்ந்த இடம் வேறு, அதற்கு எதற்கு லேவண்டர் என்று பொய் சொல்ல வேண்டும்?

இது புளிக்குது. சேசோன் புளிக்கணுமா?

இலேசான எலுமிச்சைப் புளிப்பு எல்லாச் சேசோனிலும் உண்டு, வறட்சியும் வாயுவும் சேர்ந்து அதைத் தூக்கிக் காட்டும். வாய் கூசுகிற அளவு புளித்தால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, வேண்டுமென்றே செய்தது: லாக்டிக் பாக்டீரியா, ப்ரெட்டனோமைசிஸ் (சுருக்கமாக ப்ரெட்) என்ற காட்டு ஈஸ்ட் இரண்டையும் சேர்த்து மரப் பீப்பாயில் ஊற வைக்கிறார்கள். அமெரிக்கச் சின்ன ப்ரூவரிகள் பலவற்றில் சேசோன் என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது. மேலே வயல் கதையில் சொன்ன பழைய பண்ணை பீருக்கு ஒருவேளை இதுவே கிட்டத்தில் இருக்கலாம்.

இன்னொன்று, கெட்டது. வேறுபடுத்துவது சுலபம். லாக்டிக் புளிப்பு, காலையில் இறக்கிய கள் சாயங்காலம் திரும்புகிற பக்குவத்தில் இருப்பது போல, மென்மையாக இருக்கும். வினிகர் மாதிரி மூக்கில் ஏறி நெஞ்சைக் கரித்தால் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் ப்ரெட், பீப்பாய், காட்டு ஈஸ்ட் என்று எதுவும் எழுதாமல் கடுமையாகப் புளித்தாலும் சந்தேகப்படலாம்.

பச்சை பாட்டில்ல வாங்கினேன், ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது. பெல்ஜிய பீர்னா இப்படித்தான்னு கடைக்காரர் சொல்றார்.

கடைக்காரர் விற்றாக வேண்டும். அது வெளிச்சம் பட்ட நாற்றம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் விழும்போது, பீரில் இருக்கிற ரைபோஃபிளேவின் துணையோடு உடைந்து, கந்தகம் கலந்த ஒரு பொருள் உண்டாகிறது. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பயந்தால் பீச்சுகிற திரவத்தின் வாடை அது. நம் ஊர்க்காரர்கள் ரப்பர் எரிந்த மாதிரி என்கிறார்கள். துளியூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், பச்சை சரியாகத் தடுக்காது. வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே வந்துவிடும், கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் நின்றாலும் வரும்.

ஆகவே பச்சை பாட்டில் என்றால் அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுங்கள், முடிந்தால் அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேளுங்கள். இதில் ஒரு வேடிக்கை, பச்சை பாட்டிலிலேயே குடித்துப் பழகிய சிலர் அந்த வாடை இல்லாத சேசோனைக் குடித்துவிட்டு ஏதோ குறைகிறது என்கிறார்கள்.

வேற என்னென்ன வாசனை வந்தா கீழ கொட்டிடலாம்?

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. வெண்ணெய் மணம் என்றால் டைஅசிட்டைல், சேசோனில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் சூட்டில் முழுசாக நொதித்த ஈஸ்ட் அதைத் தின்று தீர்த்திருக்க வேண்டும். வேகவைத்த மக்காச்சோளம் வந்தால் கொதிக்க வைத்ததில் அல்லது சுத்தத்தில் கோளாறு. மருத்துவமனை பிளாஸ்டர் மாதிரி வந்தால், குளோரின் கலந்த தண்ணீரோ வேண்டாத ஈஸ்டோ காரணம். குதிரை லாயம், தோல் செருப்பு வாசனை மட்டும் இந்தப் பட்டியலில் சேராது, அது ப்ரெட்டனோமைசிஸின் அடையாளம், புளிப்புக் கேள்வியில் சொன்ன வகையாக இருந்தால் விரும்பித்தான் போட்டிருக்கிறார்கள்.

ஒரே ப்ரூவரி, ஒரே லேபிள். போன தடவை பிரமாதம், இந்தத் தடவை வேற மாதிரி. ஏமாத்தறாங்களா?

சின்ன ப்ரூவரியில் இது சகஜம். பெரிய கம்பெனிகள் பல தொட்டிகளைக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டு வந்துவிடுவார்கள், அவர்களிடம் ஆய்வகமும் உண்டு. ஒரு தொட்டி காய்ச்சுகிறவர் அந்தத் தொட்டியில் வந்ததை அடைக்கிறார். அந்த வருடத்து ஹாப்ஸ், ஈஸ்ட் எத்தனையாவது தலைமுறை, நொதித்த வாரத்தில் அறை எவ்வளவு சூடு, எல்லாம் உள்ளே இறங்கும். பாட்டிலுக்குள் இரண்டாம் நொதித்தல் வேறு. உங்கள் பாட்டில் இரண்டு மாதப் பிள்ளையா இரண்டு வருடப் பிள்ளையா என்பதைப் பொறுத்தும் மாறும், அடைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

ஃபாந்தோமைக் கடைசியில் வைக்கச் சொன்னது இதனால்தான். அதன் ரசிகர்களே இந்த முறை என்ன வரும் என்று பந்தயம் கட்டுவார்கள். ஸ்ட்ராபெரி, புகை, மூலிகை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சேசோன் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருந்தால்தான் அந்த விளையாட்டு புரியும். ஆனால் மாறுவது வேறு, கெடுவது வேறு. முந்தைய பதிலில் சொன்ன நாற்றங்கள் வந்தால் "கைவினை பீர் அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கேன்ல வந்த சேசோன் வீங்கிப்போச்சு, நண்பர் வீட்டுல ஒண்ணு வெடிச்சே போச்சு. ஏன்?

சேசோன் வறட்சிக்குக் காரணமான அதே ஈஸ்ட்தான் இதற்கும் காரணம். மற்ற ஈஸ்ட்கள் சின்னச் சர்க்கரைகளைத் தின்றுவிட்டு, பெரிய சங்கிலியான டெக்ஸ்ட்ரின்களைத் தொடாமல் விட்டுவிடும், பீரில் இனிப்பும் கனமும் மிஞ்சுவது அதனால்தான். சேசோன் ஈஸ்ட்கள் பலவும் டயஸ்டாடிகஸ் என்ற வகை. அவற்றில் எஸ்டிஏ1 என்று ஒரு மரபணு, அது ஒரு நொதியை வெளியே சுரக்க வைத்து டெக்ஸ்ட்ரினையும் வெட்டித் துண்டாக்கித் தின்ன வைக்கிறது. சர்க்கரையில் 90 சதவீதத்துக்கு மேலும் தீர்ந்துபோவது அப்படித்தான்.

நிதானமாக, முழுசாகத் தின்று முடிக்கும்வரை காத்திருந்து அடைத்தால் பிரச்சினை இல்லை. அவசரத்தில் அடைத்தால் கேனுக்குள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லத் தின்றுகொண்டே வாயு ஏறும். கார்க் போட்ட தடித்த பாட்டில் ஓரளவு தாங்கும், கேன் தாங்காது. வீங்கின கேனைத் தொட்டு விளையாடாமல் நன்றாகக் குளிர வைத்து, துணி சுற்றி, தொட்டியில் வைத்துத் திறந்து ஊற்றிவிடுங்கள்.

இனிப்பே இல்லேங்கறீங்க. அப்ப சுகர் இருக்கறவங்க குடிக்கலாமா?

சர்க்கரை குறைவு என்பது உண்மை, ஆனால் தின்ற சர்க்கரையை ஈஸ்ட் எங்கே கொண்டு போனது? ஆல்கஹாலாகத்தான் மாற்றியிருக்கிறது. 6.5 சதவீதத்தில் ஒரு 330 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 17 கிராம் ஆல்கஹால், அதிலிருந்து மட்டுமே 120 கலோரி. மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்களுக்கு ஆல்கஹால் சர்க்கரையைத் திடீரென்று கீழே இறக்கிவிடவும் கூடும். எனவே இதை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்பெல்ட்டிலும் பார்லியிலும் குளூட்டன் உண்டு.

வறட்சியின் ஆபத்து இன்னொன்று, இலேசாக இறங்குவதால் அளவு தெரியாது. கார்க் போட்ட 750 மில்லி பாட்டிலில் 38 கிராம் ஆல்கஹால், அது 5 சதவீத லாகர் சின்ன பாட்டில் மூன்றுக்குச் சமம். அதைத் தனி ஆளாக முடித்துவிட்டு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். பெல்ஜியத்தில் லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம்வரைதான் அனுமதி, இந்தியாவில் அதைவிடக் குறைவு, 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்.

நம்ம சாப்பாட்டுக்கு ஒத்துவருமா? பிரியாணி?

காரத்தைப் பொறுத்தது. வாயுவும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைத் தணிக்காது, தூண்டிவிடும். காரம் கூடின ஆந்திரச் சாப்பாட்டோடு 8 சதவீத சேசோன் வைத்தால் நாக்கு கதறும். மிளகு, சீரகம், எண்ணெய் இந்தப் பக்கம் சாய்கிற சமையலுக்கு அருமை: மீன் வறுவல், இறால், பருப்பு வடை, மிளகுக்கோழி. எண்ணெயைக் குமிழி அடித்துக்கொண்டு போகும். பெல்ஜியர்கள் அவித்த சிப்பியோடும் ஆட்டுப்பால் சீஸோடும் குடிக்கிறார்கள், அதுவும் பிரமாதம். இனிப்போடு மட்டும் வேண்டாம், குலாப்ஜாமூன் தின்ற வாயில் சேசோன் வெறும் கசாயம்.

நம்ம ஊர்ல கிடைக்குமா? இல்லேன்னா ப்ரூவரிக்கே போய்ப் பார்க்கலாமா?

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில், அங்கே போய்ச் சேசோன் கேட்டால் என்ன பார்வை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற பெங்களூர் ப்ரூபப்களில் பெல்ஜிய வகைகளில் கோதுமை சேர்த்த விட்பியர்தான் பெரும்பாலும் ஓடுகிறது, சேசோன் எப்போதாவது குழாயில் வந்தால் விடாதீர்கள், அந்த ஊர் வெயிலுக்கும் பொருந்தும், ஈஸ்டும் சூட்டுக்கு அஞ்சாது.

பெல்ஜியம் வருகிறீர்கள் என்றால் தூர்ப்பும் பிபேயும் லூஸ்-ஆன்-எய்னோ என்ற ஒரே ஊராட்சிக்குள் வருகின்றன, ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். என் ஓட்டு பிபேக்கு. அந்த ப்ரூவரி 1785ல் தொடங்கியது, 1984ல் ஒரு பள்ளி ஆசிரியர் வாங்கி மூடாமல் காப்பாற்றினார். 19ஆம் நூற்றாண்டு நீராவி இயந்திரம் ஒன்றே பெல்ட் போட்டு எல்லாச் சக்கரங்களையும் ஓட்டுகிறது. மாதத்தின் கடைசி சனிக்கிழமை காய்ச்சுவதை மக்கள் வந்து பார்ப்பது அங்கே வெகுகால வழக்கம். கிளம்புமுன் நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள், கிராமத்துப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்ப வேண்டாம், யார் ஓட்டுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ரெண்டு சேசோன் பக்கத்துல பக்கத்துல வெச்சா, எது நல்லதுன்னு எப்படிச் சொல்றது? எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

லேபிளை மறைத்து, ஒரே கிளாசில், ஒரே குளிர்ச்சியில் ஊற்றச் சொல்லுங்கள். முதல் வாயை வைத்து முடிவு செய்யாதீர்கள், முதல் வாயில் எப்போதும் வாசனை அதிகமானது ஜெயிக்கும், மசாலா போட்டதும் ஹாப்ஸ் கொட்டினதும் ஆல்கஹால் கூடினதும் முந்தி நிற்கும். கன்சாஸ் நகரத்து டேங்க் 7 மாதிரி 8.5 சதவீதத்தில் வருகிற அமெரிக்கச் சேசோன்கள் அப்படிப் பளிச்சென்று பிடித்துப்போகும். அரை கிளாஸ் தாண்டிப் பாருங்கள். எது தீர்ந்திருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது? நான் அதைத்தான் பார்க்கிறேன், குறிப்பேட்டில் எழுதினதை அப்புறம்தான்.

மீந்துபோன அரை பாட்டிலை என்ன பண்றது?

ஷாம்பெயின் மூடி இருந்தால் அழுத்தி மூடி ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், மறுநாள் வரை தாங்கும், வாயு கொஞ்சம் குறைந்து மால்ட் ருசி கூடத் தெரியும். அதற்குமேல் போனால் குடிக்காதீர்கள், மைதாவும் அரிசிமாவும் கலந்து அதில் கரைத்து மீனைத் தோய்த்துப் பொரியுங்கள், மொறுமொறுப்பாக வரும். குழம்பில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வற்ற வற்றக் கசப்பு ஏறும்.